கடலோரத்தில் வண்டி கழுவுவது எப்படி: உப்புக்குத் தண்ணீர், மணலுக்கு நுரை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கடல் காற்று நேரே படும் ஊர்களுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடவே ஒரு காரோ பைக்கோ கொண்டுவந்திருப்பீர்கள். தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் மிஷின், அதாவது பிரஷர் வாஷர் ஒன்று வாங்கியிருப்பீர்கள், அல்லது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வீடியோக்களில் வண்டி முழுக்க வெள்ளை நுரையை அடித்து, ஐந்து நிமிடம் விட்டு, தண்ணீரைப் பாய்ச்சினால் வண்டி பளபளவென்று வந்துவிடுகிறது. அதெல்லாம் பெரும்பாலும் புழுதியும் சேறும் புகையும் படிகிற ஊர்களுக்குச் சரி. நம் கரையில் வண்டியைத் தின்பது உப்பு. உப்பை எடுக்க நுரை தேவையில்லை, தண்ணீரே கரைத்துவிடும். நுரை வேண்டியது மணலுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால், கழுவும் முறை தானாகவே வரிசையாகிவிடும்.

உப்பு ஏன் இவ்வளவு பொல்லாதது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், அதற்கும் வெகு முன்னதாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதாவது, நீங்கள் வண்டியை நனைக்காவிட்டாலும், ராத்திரி நிறுத்திவைத்த வண்டியின் அடியில் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் உட்கார்ந்திருக்கும். இரும்பு, உப்புநீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துருவுக்கு வேறெதுவும் வேண்டாம். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிப்பட்ட பாதுகாப்புப் பூச்சும் கொடுத்துத்தான் கட்டினார்கள். உங்கள் காருக்கு அப்படி ஒரு பூச்சு கிடையாது. அதற்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு நீங்கள்தான்.

முதலில் ஒரு பழக்கத்தை விட்டுவிடுங்கள். காலையில் எழுந்ததும் பனி பெய்த வண்டியைக் கையில் கிடைத்த துணியால் துடைக்கிறோமே, அது. அந்த ஈரத்தில் உப்பும் இருக்கிறது, ராத்திரிக் காற்று கொண்டுவந்த மணலும் இருக்கிறது. துணி அதை அப்படியே பெயின்டின் மேல் தேய்க்கும். தனுஷ்கோடிப் பக்கம் ஓடும் வண்டிகளின் பேனட்டை வெயிலில் சாய்வாகப் பாருங்கள், வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். கண்ணாடியை மட்டும் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டு கிளம்புங்கள். மற்றதைக் கழுவும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தத் தண்ணீர்?

இராமநாதபுரம் மாவட்டத்தில் இந்தக் கேள்விதான் முதல் கேள்வி. நல்ல தண்ணிக்காகத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற தெருவில் அந்தக் குழாயை வண்டிக்குத் திருப்பிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்களும் செய்ய வேண்டாம்.

ஆனால் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. உப்பை எடுக்க உப்புத் தண்ணீரா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் கிடைக்கும். கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு. கரைந்த உப்புகளின் அளவைத்தான் டிடிஎஸ் என்பார்கள். குடிநீரில் அது 500க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் போரில் 3,000 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க லாயக்கில்லை, ஆனாலும் கடல் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காய்ந்து கெட்டியாக ஒட்டியிருக்கும் கடல் உப்பைக் கரைத்துத் தள்ள அது போதும். சிக்கல் அதற்கப்புறம்தான். அந்தத் தண்ணீர் வண்டியின் மேலேயே காய்ந்தால், தன் பங்கு உப்பையும் சுண்ணாம்பையும் வெள்ளைப் புள்ளிகளாக விட்டுவிட்டுப் போகும்.

ஆகவே என் முறை இது: முதல் அலசலும் நுரையும் நுரையைக் கழுவுவதும் போர் தண்ணீரில். கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீர், அவ்வளவுதான். அதைச் சாய்த்து ஊற்றினால் பாதி வீணாகும். செடிகளுக்கு அடிக்கும் ஐந்து லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர் ஒன்று புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து அடித்த பழையது வேண்டாம். மேலிருந்து கீழாக அதில் தெளித்துவிட்டால் ஒரு கார் முழுவதற்கும் ஒரு குடம் தாராளமாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்துவைக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. மழைத்தண்ணீர் காய்ந்தால் கறை விழாது.

டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில்தான் இருக்கும், விலையும் அதிகமில்லை. ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 5,000, 6,000 என்று காட்டினால் அந்தப் போரை மிஷினுக்குக் கொடுக்காதீர்கள். வண்டிக்கு ஆவதைவிட, மிஷின் பம்புக்குள் இருக்கும் வால்வுக்கும் சீலுக்கும் சேதம் அதிகம்.

மிஷினைப் பற்றி

வீட்டுக்கு 100 முதல் 130 பார் வரை அழுத்தம் தரும் மின்சார மிஷின் போதும். அதற்கு மேல் வாங்கினால் பெயின்டுக்குத்தான் ஆபத்து. இதை வாங்கச் சொல்வதற்கு என்னிடம் உள்ள பெரிய காரணம் தண்ணீர்ச் சிக்கனம்தான். சாதாரண ஹோஸ் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை கொட்டும், நீங்கள் சோப்புப் போடும்போதும் கொட்டிக்கொண்டே இருக்கும். வீட்டு மிஷின் நிமிடத்துக்கு 5 முதல் 7 லிட்டர், அதுவும் கையில் பிடிக்கும் கன்னை அமுக்கினால்தான். ஒரு காருக்கு எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் அமுக்குவீர்கள். அறுபது, எழுபது லிட்டரில் வேலை முடியும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது சில. பக்கெட்டிலிருந்தோ டிரம்மிலிருந்தோ தானே தண்ணீரை உறிஞ்சும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். குழாயில் வேகமில்லாத நம் ஊர்களுக்கு அது அவசியம். நுரை பாட்டிலைத் தனியாக வாங்குவதாக இருந்தால், கன்னில் மாட்டும் இணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார்ச்சருக்கு வாங்கியது பாஷில் உட்காராது. மிஷினின் பெயரைச் சொல்லியே வாங்குங்கள். இன்னொன்று, இந்தப் பாட்டிலின் தலைக்குள் தண்ணீர் போகும் துளை பொதுவாக 1.25 மில்லிமீட்டர் இருக்கும். வீட்டு மிஷினின் குறைந்த ஓட்டத்துக்கு 1.1 மில்லிமீட்டர் துளைதான் நல்ல நுரை தரும். நுரை தண்ணியாக வருகிறது என்று ஷாம்புவை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பல நேரம் இந்தச் சின்னத் துளைதான் விடை.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம். 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும் சாமான் இது. பெரிய பிளக்கில், அதாவது 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் போட வேண்டும். மின்கசிவைப் பிடித்துக் கட் செய்யும் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால், மிஷினுக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை மாட்டுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், ரப்பர் செருப்போ பூட்ஸோ போடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரின் இணைப்பு தரையில் தண்ணீரில் கிடக்கக் கூடாது.

கன்னை எவர் பக்கமும் திருப்பக் கூடாது. குழந்தை, ஆடு, நாய், உங்கள் சொந்தக் கால் எதன் மேலும் வேண்டாம். இந்த அழுத்தத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழுவும் நேரமும் இடமும்

காலை ஏழு, எட்டு மணிக்குள். அதற்கு மூன்று காரணம். வெயில் ஏறினால் நுரை நின்ற இடத்திலேயே காய்ந்துவிடும். பகலில் கடல் காற்று ஏறினால் நுரை பக்கத்து வீட்டுக் கொடியில் போய் விழும். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: பெரும்பாலான வீட்டு மிஷின்களுக்குள் போகும் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கும். சித்திரை, வைகாசி மதியத்தில் மாடியில் இருக்கும் கறுப்பு சின்டெக்ஸ் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

ஓடி வந்த வண்டியை உடனே கழுவாதீர்கள். பேனட்டும் பிரேக் டிஸ்க்கும் கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். நிழல் வேண்டும், வேம்போ பனையோ எதுவானாலும் சரி. சீமைக் கருவேலத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள், கீழே கிடக்கும் முள் டயருக்கு ஆகாது.

காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இதைச் செய்யாவிட்டால் மணலும் நுரையும் உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

இனி வேலை

மிஷினை ஆன் செய்வதற்கு முன் தண்ணீரைத் திறந்து, கன்னை அமுக்கிப் பிடியுங்கள். முதலில் துப்பித் துப்பி வரும், அது உள்ளே இருக்கும் காற்று. சீராக ஒழுக ஆரம்பித்த பிறகு மோட்டாரைப் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே சீல் போய்விடும்.

முதல் வேலை வண்டியின் அடியில். எல்லோரும் கூரையில் தொடங்குவார்கள். இந்தக் கரையில் நீங்கள் அடியில் தொடங்குங்கள். அடியில் இருப்பது மேலே தெறித்து அழுக்காக்கினாலும் பரவாயில்லை, மேலே எப்படியும் அப்புறம் கழுவத்தான் போகிறோம். கன்னில் மாட்டும் நீளக் குழாயை லான்ஸ் என்பார்கள்; வளைந்த லான்ஸ் தனியாகக் கிடைக்கிறது, முடிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். குனிந்து படுக்க வேண்டியதில்லை. நான்கு சக்கரங்களுக்கு மேலிருக்கும் வளைவின் உள் உதட்டில் அடியுங்கள். உலர்ந்த மணல் அங்கே ஒரு விரல் கனத்துக்கு அணைபோல் சேர்ந்திருக்கும், நனைந்ததும் பொத்தென்று விழும். சஸ்பென்ஷன் கம்பிகள், சைலன்சரைத் தாங்கும் கொக்கிகள், பின் பம்பரின் உள்பக்கம், சேஸியின் மடிப்புகள் என்று மெதுவாகப் போங்கள். விழும் தண்ணீர் கலங்கலாக இருக்கும்வரை அடித்து, தெளிந்ததும் நிறுத்துங்கள். மின் இணைப்புகள், சென்சார் ஒயர்கள் தெரிகிற இடத்தில் தூரமாகப் பிடியுங்கள். மின்சார வண்டியாக இருந்தால் சார்ஜில் போட்டபடி கழுவவே கூடாது, மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கதவு. கதவைத் திறந்து அதன் அடி ஓரத்தைக் குனிந்து பாருங்கள். வரிசையாக இரண்டு மூன்று சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் வடிய வைத்தவை. நம் ஊரில் இவை மணலால் அடைத்துக்கொள்ளும், கதவுக்குள் உப்புத் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும், இரண்டு மூன்று வருடத்தில் கதவின் அடி உள்ளிருந்து உப்பிக்கொண்டு வரும். அப்போது டிங்கரிங் கடைக்குப் போனால் வெளியே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துத் தருவார்கள், ஆறு மாதத்தில் மறுபடியும் உப்பும். ஒரு ஈர்க்குச்சியை எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டுச் சுழற்றுங்கள். பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீரும் மணலும் சொட்டும். அது சொட்டியதும் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி. கன்னை இங்கே காட்டாதீர்கள், கையால் தண்ணீர் விட்டால் போதும். டிக்கியின் ஓரத்திலும், பேனட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்திலும் இதே வேலை.

இப்போது மேல்பாகத்துக்கு வெறும் தண்ணீர். காய்ந்த வண்டியின் மேலேயே நுரை அடித்தால் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. மற்ற ஊர்களில் அது சரியாகவே இருக்கலாம். இங்கே முதலில் உப்பையும் உதிரி மணலையும் தண்ணீரால் இறக்குவதுதான் நல்லது. விசிறிபோல் விரியும் நாசிலைப் போடுங்கள். நிற நாசில்கள் வருகிற மிஷினில் வெள்ளை 40 டிகிரி, பச்சை 25 டிகிரி. வண்டியின் உடம்புக்கு இந்த இரண்டுதான். சிவப்பு ஒற்றைக் கோடாக அடிக்கும், சுழன்று அடிக்கும் டர்போ நாசிலும் அதே மாதிரி. இரண்டையும் வாசல் சிமென்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூரம் குறைந்தது ஒரு அடி, டயருக்கு அரை மீட்டர். டயரின் பக்கவாட்டில் மிக அருகில் அடித்தால் உள்ளே நூல் விடும், வெளியே தெரியாது. ஸ்டிக்கர் ஓரம், டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்த இடம், கதவு ரப்பர், பின்பக்க சென்சார், கேமரா இங்கெல்லாம் இன்னும் தள்ளி, சாய்வாக. ரேடியேட்டர், ஏசி கன்டென்சர் தகடுகள் காகிதம் போல் மடியும்; அவற்றுக்கு மிஷினே வேண்டாம். என்ஜின் ரூமுக்கும் வேண்டாம், ஈரத் துணி போதும்.

தண்ணீர் வடிய ஒரு நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் நுரையைத் தயார் செய்யுங்கள்.

நுரை

ஒரு லிட்டர் பாட்டிலில் முதலில் தண்ணீர், அப்புறம் ஷாம்பு. மாற்றி ஊற்றினால் பாட்டிலுக்குள்ளேயே நுரைத்துவிடும். பிஎச் நடுநிலை என்று போட்ட கார் ஷாம்பு 50 மில்லியில் தொடங்கி, தேவையானால் 100 வரை போங்கள். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் நுரை குறையும். அதற்கு ஷாம்புவைக் கூட்டிக்கொண்டே போகாமல், பாட்டிலில் ஊற்றும் அந்த ஒரு லிட்டரை மட்டும் நல்ல தண்ணீராக வையுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பாத்திரம் கழுவும் லிக்விடை ஊற்றாதீர்கள். பலவற்றில் கெட்டியாவதற்குச் சேர்ப்பதே உப்புத்தான், கூடவே வண்டியின் மேலிருக்கும் வேக்ஸையும் எடுத்துவிடும். துணி துவைக்கும் தூளில் சோடா இருக்கும். அலாய் வீலும் அலுமினியமும் மங்கிப்போகும்.

நுரை லான்ஸின், அதாவது நுரை பாட்டிலின் தலையில் ஒரு திருகு இருக்கும், அது ஷாம்பு எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கு. முன் மூக்கைத் திருப்பினால் விசிறி அகலும், குறுகும். இரண்டையும் நடுவில் வைத்து ஒரு கதவில் மட்டும் அடித்துப் பாருங்கள். நல்ல நுரை ஒட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டும், மெதுவாக வழுக்கி இறங்கவும் வேண்டும். இறங்கும்போதுதான் அது மணலைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறது. சவரக் கிரீம் மாதிரி அசையாமல் நிற்கிற நுரை படம் எடுக்க நன்றாக இருக்கும், வேலை செய்யாது. பால் மாதிரி ஓடினால் திருகைத் திறந்துவிடுங்கள். அப்போதும் ஓடினால் லான்ஸுக்குள் இருக்கும் கம்பி வலை அடைத்திருக்கும்.

நுரையைக் கீழிருந்து மேலாக அடியுங்கள். அழுக்கு அதிகம் இருக்கும் அடிப்பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். பிறகு காத்திருங்கள். பொதுவாக ஐந்து நிமிடம் என்பார்கள். நம் காற்றுக்கு மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள்: நுரையின் ஓரம் வற்றி, தகட்டில் கோடு தெரிய ஆரம்பித்தால் உடனே கழுவுங்கள். ஒருபோதும் காயவிடாதீர்கள். பெரிய வண்டியாக இருந்தால் ஒரு பக்கம் அடித்து, கழுவி, அப்புறம் மறுபக்கம்.

கழுவுவது மேலிருந்து கீழ். கூரை, கண்ணாடி, பேனட், பக்கம், சக்கரம். அவசரப்படாமல், பாதிப்பாதியாக ஒன்றின் மேல் ஒன்று விழும்படி அடித்து வந்தால் தண்ணீர் வீணாகாது.

இதோடு வண்டி சுத்தமா என்றால், முழுக்க இல்லை. விரலால் தடவினால் மெல்லிய படலம் ஒன்று வரும். தொடாமல் செய்யும் எந்த முறையும் அதை எடுக்காது. வாரக் கழுவலுக்கு அது பரவாயில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நுரை கழுவிய பிறகு, இரண்டு பக்கெட் வைத்துக் கையாலும் கழுவுங்கள்: ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையால் ஒரு தகடு தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசி, பிழிந்து, பிறகுதான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். அலசும் பக்கெட்டின் அடியில் தங்கும் மணலைப் பார்த்தால், துடைத்துத் துடைத்து எவ்வளவு கீறியிருப்போம் என்று புரியும்.

கடைசியாக அந்த ஒரு குடம் நல்ல தண்ணீர், ஸ்பிரேயரில். காயும் முன்பே மைக்ரோஃபைபர் துணியை விரித்து ஒற்றி எடுங்கள். கதவுகளைத் திறந்து நிலையையும் துடையுங்கள். பிறகு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள், மெதுவாகச் சில தடவை பிரேக் பிடியுங்கள். இடுக்கில் இருக்கும் தண்ணீர் வெளியேறும், டிஸ்க்கும் காயும்.

பைக்கும் மீன் வண்டியும்

பைக்குக்கு அழுத்தம் பாதி போதும். சக்கரத்தின் நடு அச்சு, ஹேண்டில் பேரிங், செயின், சாவித் துளை, சுவிட்சுகள், மீட்டர் இவற்றின் மேல் நேராக அடிக்காதீர்கள். கிரீஸ் இருந்த இடத்தில் உப்புத் தண்ணீர் போய் உட்காரும். சைலன்சர் வாயை ஒரு துணி வைத்து அடையுங்கள், முடிந்ததும் எடுக்க மறக்காதீர்கள். செயின் காய்ந்த உடனே செயின் எண்ணெய் (லூப்) அடியுங்கள். இந்தக் கரையில் எண்ணெய் இல்லாத செயின் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும்.

மீன் ஏற்றும் சின்ன லோடு வண்டிகளுக்குத் தனி வரிசை. இரத்தமும் வழும்பும் புரதம். சூடான தண்ணீர் பட்டால் தகட்டோடு இறுகிவிடும். ஆகவே முதலில் குளிர்ந்த தண்ணீர், செதில் எல்லாம் போனபிறகே நுரை. ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் தொட்டியின் அடிப் பலகை இடுக்கு வழியாகச் சேஸியில் இறங்குகிறது. வண்டியின் ஆயுள் அங்கேதான் தீர்மானமாகிறது. லோடு இறக்கிய அன்றைக்கே, பின் கதவைத் திறந்து வண்டியைக் கொஞ்சம் சரிவில் நிறுத்தி, சேஸியின் மேல்பக்கத்தில் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். வாடை போக பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் நிறையப் பேர். அதிலிருக்கும் குளோரின் இரும்பை அரிக்கும். ஆசிட் கிளீனரோடு கலந்தால் மூச்சையே அடைக்கும் வாயு வரும். இரண்டும் ஒருபோதும் சேரக் கூடாது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

ஊரணிப் பக்கம் வண்டியை இறக்கவே கூடாது. பல கிராமங்களில் இன்னும் குடிக்கவும் சமைக்கவும் ஊரணித் தண்ணீர்தான். கடலோரத்திலும் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் பவளப்பாறைகளையும் சேர்த்து 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். நுரையும் கிரீஸும் அங்கே போக நாம் வழிசெய்யக் கூடாது. வீட்டு மண்ணில், கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் தள்ளி, ஜல்லி போட்ட ஒரு குழிக்கு வடியவிடுங்கள். அதில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் கலந்திருந்தால் செடிக்குப் பாய்ச்ச வேண்டாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

கடல் கண்ணில் படும் தூரத்தில் வண்டி நிற்கிறது என்றால், கச்சான் காலத்தில் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை வெறும் தண்ணீர் அலசல், வாரம் ஒருமுறை நுரை. இராமநாதபுரம் டவுனில் இருப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மழை பெய்ததால் கழுவ வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். மழை கூரையைத்தான் கழுவும், அடியைக் கழுவாது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததிலிருந்து எல்லா வண்டியும் அங்கே போகிறது. சாலையின் இரண்டு பக்கமும் கடல், அலைத்துளி காற்றோடு வரும், சாலையிலேயே மணல் ஏறிக் கிடக்கும். அங்கே போய் வந்தால் வாரக் கணக்கைப் பார்க்காமல் அன்றைக்கே அடிப்பாகத்தை அலசுங்கள். நுரையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். மதுரை, விருதுநகரிலிருந்து வந்து போகும் சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஊருக்குப் போனபிறகும் உப்பு வண்டியோடுதான் போகிறது.

வருடத்துக்கு ஒருமுறை, வாடை மழைக்கு முன்னால், அடியில் ஆன்டி-ரஸ்ட் பூச்சு அடியுங்கள். ஆனால் நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகுதான். உப்பின் மேலேயே பூச்சு அடித்தால், அதை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகிவிடும்.

மிஷினையும் கவனியுங்கள்

போர் தண்ணீரில் வேலை முடிந்ததும், ஒரு பக்கெட்டில் கொஞ்சம் நல்ல தண்ணீர் வைத்து அரை நிமிடம் மிஷினை ஓட்டுங்கள், உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீர் வெளியேறட்டும். நுரை லான்ஸிலும் ஷாம்புவைக் கொட்டிவிட்டு அதே தண்ணீரை ஓடவிடுங்கள். மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை மூடி, அப்புறம் கன்னை அமுக்கி மிச்ச அழுத்தத்தை இறக்கிய பிறகே ஹோஸைக் கழற்ற வேண்டும். தண்ணீர் உள்ளே போகும் வாயில் ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கும். மூக்குப் பிளேயரால் இழுத்தால் வெளியே வரும். பழைய பல் பிரஷால் தேய்த்து மாட்டுங்கள். மிஷின் திடீரென்று விட்டு விட்டு அடித்தால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும். லான்ஸின் கம்பி வலையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருந்தால் ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போடுங்கள். பித்தளை இணைப்புகளைத் துடைத்து, ரப்பர் வளையங்களில் சிலிக்கான் கிரீஸ் துளி தடவி, மிஷினை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். திண்ணையில் வைத்தால் காரைப் பிடித்த அதே உப்புக் காற்று அதன் மோட்டாரையும் பிடிக்கும்.